சீட்டு

கழனிவாசல் பக்கம் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்றைய முகூர்த்தத்துப் பூச்சரத்தை
இன்னும் கழற்றாத மேடையில்
மருந்து வணிகர்கள் கூட்டம்.
பொருள்: குறிப்பிட்ட மாத்திரையைச்
சீட்டில்லாமல் விற்கலாமா, கூடாதா.
நோட்டீசில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்,
குறிப்பிட்ட மாத்திரை.

பன்னிரண்டு பேர் பேசினார்கள்.
ஒருவர் பண்பாடு என்றபோது மைக் கிறீச்சிட்டது.
ஒருவர், லாபமே நாலு ரூபாய், எதுக்கு வம்பு என்றார்.
பள்ளத்தூர் சூசைராஜ் அண்ணன் எழுந்து,
"ஒரே பிள்ளை, ஒரே மாசத்துல நாலு தடவை வந்துச்சு.
கொடுத்தேன். அஞ்சாவது தடவை கை நடுங்கிருச்சு.
அது உடம்புக்கு யாரு பொறுப்பு?"
கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.
யாரும் கைதட்டவில்லை.
என்னிடமும் பதில் இல்லை.

கடைசியில்,
"பெண் மருந்தாளுநர் ஒருத்தக இருக்காக, ரெண்டு நிமிஷம்" என்றார்கள்.

நான் சொல்ல நினைத்தது இது:

போன ஆனி. ஞாயிறு இரவு எட்டே கால்.
பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து வந்தாள்.
கல்லூரிப் பெண் இல்லை.
நீங்கள் எல்லோரும் மனசில் வைத்துப் பேசிய பெண் இல்லை.
முப்பத்தெட்டு இருக்கும்.
நகக்கண்ணில் பலகார மாவு, சேலையில் சீடை பொரித்த எண்ணெய்.
முதலில் இருமல் மருந்து கேட்டாள்.
அப்புறம் பஞ்சு.
அப்புறம் தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு
"நேத்து ராத்திரி" என்றாள்.
வாக்கியம் அங்கேயே நின்றது.

இருந்தது.
மூன்றாவது இழுப்பறையில்
கண் சொட்டு மருந்துக்குப் பின்னால் இரண்டு அட்டை.
"சீட்டு இருக்கா?" என்றேன்.
சட்டம் கேட்கிறதோ இல்லையோ,
முதலாளி அடைக்கப்பன் கேட்கச் சொன்ன கேள்வி.

அவளிடம் சீட்டுகள் இருந்தன.
வளையலுக்குள் மடித்துச் செருகிய புதுவயல் பஸ் சீட்டு.
மாசம் ஆயிரம் கட்டும் ஏலச்சீட்டு அட்டை.
பர்ஸைத் திறந்து தேடினாள்,
இல்லையென்று தெரிந்தே தேடினாள்,
நான் சங்கடப்படக் கூடாதென்று.

"டாக்டரம்மா நாளைக்கு இருப்பாகளா?"
நாளைக்கு மதுரையில் விசேஷம்.
செவ்வாய் சாயங்காலம் ஆறுக்கு மேல்தான்.
எழுபத்திரண்டு மணி நேரம் என்று
அவளுக்குச் சொன்னதும் நான்தான்.
விரல்விட்டு எண்ணினாள்.
"நாலு மணி நேரம் மிஞ்சும்.
ஆனா செவ்வாக்கிழமை ரெண்டாவது ஷிப்ட். லீவு தர மாட்டாக."
என்னிடம் சொல்லவில்லை,
ஷட்டரிடம் சொன்னாள்.
இருமல் மருந்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் திரும்ப வந்தாள். அடைமழை.
குடையை வாசலிலேயே விட்டுவிட்டாள்.
இந்தத் தடவை சீட்டு இருந்தது.
கையெழுத்து, முத்திரை, தேதி, எல்லாம் சரி.
இரும்புச் சத்து, தினம் ஒன்று.
கால்சியம், ராத்திரி.
"இதுக்குச் சீட்டு வேணும்ல?" என்று நீட்டினாள்.
குத்திச் சொன்னாளா, கேட்டுத்தான் வைத்தாளா,
இன்றுவரை தெரியவில்லை.
நான் மாத்திரையை எண்ணினேன்.
முப்பது எண்ணுவதற்குள் இரண்டு முறை தப்பியது.

இதற்கு ரெண்டு நிமிஷம் போதாது.
மைக் முன்னால் நின்றேன்.
லீவோநார்ஜெஸ்ட்ரல், என்றேன்.
அந்த மண்டபத்தில் அதுவரை
யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.
அடுத்த வார்த்தை வரவில்லை.
மணி அடித்தார்கள்.

தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு.
சாப்பாடு தயார்.

பந்தியில் பக்கத்து இலை சூசைராஜ் அண்ணன்.
அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல்,
"உங்க கடையில அது இருக்காம்மா?" என்றார்.
எதிர் வரிசையில் அடைக்கப்பன்
உள்ளங்கை குவித்து ரசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

"இருக்கு" என்றேன்,
அவருக்கும் கேட்கிற மாதிரி.